இறக்கிய வண்டி

டேப்பை மடித்து வையுங்கள் தம்பி. மேடு எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் இந்த நாற்காலியில் உட்காருங்கள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. வீட்டில் பொம்பளை இல்லை, அதனால் காபி கிடையாது. பானைத் தண்ணீர் இருக்கிறது, வேண்டுமட்டும் குடியுங்கள்.

யார் மனு கொடுத்தது என்று நான் கேட்கமாட்டேன். கேட்டாலும் நீங்கள் சொல்லக் கூடாது, உத்தியோகம் அப்படி. ஆனால் எனக்குத் தெரியும்.

என்னது? மனுவே இல்லையா? எல்லா வீதியிலும் இருக்கிற வேகத்தடையை வரிசையாக அளந்து எழுதுகிறீர்களா? சரி, சரி. அப்படித்தான் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குற்றம் மேட்டில் இல்லை, வண்டியில். இந்த மேடு நான்கு வருஷமாக இதே இடத்தில் கிடக்கிறது. வண்டிதான் கீழே இறங்கியது. சும்மா படுத்துக் கிடக்கிறவன்மேல் ஒருத்தன் வந்து இடறி விழுந்தால் யார்மேல் தப்பு? சொல்லுங்கள். வேண்டாம், முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் பெயர் ராக்கியப்பன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சாந்துச் சட்டி தூக்கப் போனவன். முப்பத்தெட்டு வருஷம் கொத்து வேலை. ரசமட்டம் வைக்காமலே ஒரு சுவர் எத்தனை நூல் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதனால் உயரம், தாழ்வு, மட்டம் இதையெல்லாம் எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

இந்த வீதியில் ஒரு தண்ணி லாரி வரும். வரும் என்றால் பறக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்த லாரிக்குப் பயந்து ஒதுங்கி, என் மகள் ஸ்கூட்டியோடு சாக்கடையில் விழுந்தாள். முழங்கை பிசகிப் போனது. அடுத்த நாளே இரண்டு மூட்டை சிமெண்டு வாங்கினேன், ஜல்லி கொட்டினேன், உள்ளே கம்பி போட்டேன். வாசலுக்குப் பதினைந்து அடி முன்னால் மேடு எழும்பிவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கொத்தனார் எதற்குக் கேட்க வேண்டும்? தம்பி, லாரி பத்து வருஷம் ஏறி இறங்கினாலும் அதில் ஒரு பொட்டு உதிராது. அப்படிக் கலவை.

எதிர் வீட்டில் நாச்சிமுத்து என்று ஒருத்தன் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. மேட்டில் ஏறி இறங்கினால் தன் இடுப்பு வலிக்கிறது என்று வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த வருஷம் மேட்டுக்கு மேலே ஒரு பூச்சுப் பூசினேன். அவனுக்காக இல்லை. தேய்மானத்துக்கு.

போன வருஷம் வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மதுமிதா என்று பெயர், எனக்கு அம்மிணி. மாப்பிள்ளை தரணிதரன், அவிநாசிக்காரன். சாயப்பட்டறையில் கலர் கலக்குகிற இடத்துக்கு அவன்தான் பொறுப்பு. குடிக்கமாட்டான், சீட்டு ஆடமாட்டான். அப்போதே எனக்குச் சந்தேகம். ஒரு கெட்ட பழக்கமும் இல்லாத ஆள் எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்? ஆடி ஒன்றாம் தேதி தெரிந்தது என்ன என்று.

ஆடிக்கு அழைத்திருந்தோம். வடை பாயசத்தோடு விருந்து. நான் வாசலில் நிற்கிறேன். வண்டி வருகிறது. கல்யாணத்தில் பார்த்தபோது ஊரில் இருக்கிற மற்ற கார்களைப் போலத்தான் நின்றது. சிவப்புக் கார். இப்போது பார்த்தால் வயிறு தரையில் உரச, ஊர்ந்து வருகிறது. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே தள்ளிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக் காலை அகட்டி நிற்கிற சண்டியர் மாதிரி.

மேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பிறகு நேராக ஏறாமல் கோணலாகத் திரும்பி, முதலில் ஒரு சக்கரம், அப்புறம் ஒரு சக்கரம் என்று ஏறியது. நடுவில் கர்ர்ர் என்று ஒரு சத்தம். எதிர் வீட்டுக்காரன் அந்த நேரம் பார்த்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். பேச்சு இல்லாதவன் அன்றைக்குப் பேசினான்.

“ஏன் ராக்கியப்பா, உன்ற மாப்பிள்ளை வண்டி மண்டி போட்டுக்கிட்டு வருது? அவ்வளவு மரியாதையா மாமனார் மேல?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாப்பிள்ளை இறங்கினான். நேரில் ‘அவர்’தான், உங்களிடம் சொல்லும்போது ‘அவன்’ என்று வருகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

“வாங்க மாப்பிள்ளை. வண்டிக்கு என்னாச்சுங்க, நாலு டயரும் பஞ்சருங்களா?”

“இல்லைங்க மாமா. இறக்கியிருக்கேன்.”

“எதைங்க?”

“வண்டியைத்தானுங்க. ஸ்பிரிங்கை மாத்தி மூணு இஞ்சு இறக்கியாச்சு. சக்கரத்துக்கு உள்பக்கமா ஸ்பேசர்னு ஒரு தட்டுப் போட்டு வெளியே தள்ளி வெச்சிருக்கேன். வளைவுல அப்படியே ரோட்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் போகுமுங்க.”

முகம் பூராவும் சிரிப்பு. அவிநாசியிலிருந்து பல்லடம் வருகிற வழியில் ஒருத்தன் கட்டிப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி என்ன வளைவு இருக்கிறது? நீங்களும் அந்த ரோட்டில் போயிருப்பீர்கள்.

“கழட்டுன ஸ்பிரிங் எங்கங்க மாப்பிள்ளை?”

“வீட்டுல பத்திரமா இருக்குதுங்க மாமா.”

பத்திரமாக! நான் பத்திரத்தைக் கேட்டேனா? கேட்காத வார்த்தையை ஒருத்தன் ஏன் சொல்கிறான்?

சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்த நேரம் ஒரு செங்கலை எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் விட்டுப் பார்த்தேன். படுக்க வைத்தால் உள்ளே போனது. ஒருக்களித்து வைத்தால் இடித்தது. மூன்றரை இஞ்சுதான் இடைவெளி. ஒரு மனுஷன் காசு கொடுத்து வாங்கின வண்டியை, ஒருக்களித்த செங்கல்கூட நுழையாத அளவுக்கு எதற்கு இறக்க வேண்டும்? யோசித்தேன். சாயங்காலம் வரைக்கும் யோசித்தேன். அவன் கிளம்பிப் போகும்போது மறுபடியும் கர்ர்ர். இறங்கி, குனிந்து, அடியில் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். “ஒண்ணும் இல்லைங்க மாமா, சும்மா தோல்தான் உரிஞ்சுது” என்றான். ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதி. சிரித்தான் தம்பி.

அதற்கப்புறம் எப்போது வந்தாலும் பிள்ளையார் கோயில் முக்கில் வண்டியை நிறுத்திவிடுவான். அங்கிருந்து இருவரும் நடந்து வருவார்கள். அவன் கையில் பழப்பை, ஸ்வீட்டுப் பெட்டி. வீதியே பார்க்கிறது, ராக்கியப்பன் மாப்பிள்ளை நடந்து போகிறார் என்று. அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வண்டியை இறக்கியது வளைவுக்காக இல்லை. என் வாசலுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். வராமல் இருக்க ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணத்தை ஸ்பிரிங்கில் மாட்டிவிட்டான்.

என் வீட்டுக்காரி தெய்வாத்தாளிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“ஏனுங்க, ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மேட்டைக் கொஞ்சம் கொத்தி விட்டா என்னங்க?”

“எதுக்கு?”

“வண்டி வரும்ல.”

“அவன் வண்டியை ஏத்தட்டும்.”

“சரி, ரெண்டு பேருமே அப்படியே இருங்க. புள்ளை நடந்து வரட்டும்.”

பெண்களுக்கு மட்டம் புரியாது. அந்த மார்கழியில் மேட்டுக்கு இன்னொரு பூச்சுப் பூசினேன். ஒரு இஞ்சு இருக்கும். அவனுக்காக இல்லை, அதுவும் தேய்மானத்துக்குத்தான்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் நான் பேசமாட்டேன். டவுனில் சக்கரம் மட்டம் பார்க்கிற ஒர்க்‌ஷாப் ஒன்று இருக்கிறது. அங்கே போய் அந்த மெக்கானிக்கை ஓரமாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

“தம்பி, இந்த ஸ்பேசர் தட்டு எதுக்குப் போடுறாங்க?”

“டயர் வெளிய தள்ளி நிக்கும் பெரியவரே. பார்க்கக் கெத்தா இருக்கும்.”

“கெடுதல் உண்டா?”

“பேரிங் சீக்கிரம் போகும். போல்ட்டு நல்லாப் பிடிக்கலைன்னா வீலே ஆடும். குழியில விட்டா டயர் மட்கார்டுல உரசும். போலீசு பிடிச்சாலும் பிடிப்பான்.”

“இவ்வளவு கெடுதல் இருந்தும் ஒருத்தன் போடுறான்னா, மாமனார் வீட்டுக்குப் போகாம இருக்கிறதுக்காகப் போடுவானா?”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “போகாம இருக்கிறதுக்கு இத்தனை செலவு எதுக்குங்க? போகாம இருந்தாப் போதுமே!”

அவனும் மாப்பிள்ளை வயசுக்காரன்தான். அவர்களுக்குள் ஒரு கட்டு. நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் பேரிங் போகும் என்று சொன்னான் பாருங்கள், அது போதும் எனக்கு.

இதற்கு நடுவில் அம்மிணி முழுகாமல் இருந்தாள். சித்திரையில் ஒன்பது மாதம். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், கட்டுச்சோறு விருந்து. பெண்ணைப் பெற்றவர்கள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் போட்டு, மகளைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வர வேண்டும். நான் அவளுக்காக உள் அறையைக் காலி பண்ணி வெள்ளையடித்தேன். குளிக்கிற இடத்தில் வழுக்காத கல் பதித்தேன். பிடித்துக்கொண்டு எழுந்திருக்கச் சுவரில் ஒரு கம்பி. முதல் பேரக்குழந்தை தம்பி. இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

ஒரு வாரம் முன்னால் மாப்பிள்ளை போன் பண்ணினான்.

“மாமா, அன்னைக்குக் கோயில் முக்குல வண்டியை நிறுத்திட்டு நாலு எட்டு மெதுவா நடந்து வந்துடறோமுங்க.”

“ஒன்பது மாசப் புள்ளையை வீதியில நடக்க வெப்பீங்களா? எதிர் வீட்டுக்காரன் என்ன சொல்லுவான்? வாசல் வரைக்கும் வண்டியில வந்து இறங்கோணுங்க. ஆலாத்தி வாசல்லதான் எடுக்கிறது.”

“வாசல் வரைக்குமுங்களா?” என்று கேட்டான். அப்புறம், “சரிங்க மாமா” என்றான். உடனே சரி என்று சொல்லாமல் யோசித்துச் சரி என்று சொன்னால், அதில் ஏதோ இருக்கிறது.

விருந்து நன்றாக நடந்தது. அதில் குறை சொல்ல முடியாது. நாங்கள் வேனில் முன்னால் வந்துவிட்டோம். தெய்வாத்தாள் ஆலாத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறாள். நான் வீதியில் நிற்கிறேன். வண்டி முக்கில் திரும்புகிறது.

பார்த்தால், உயரமாக வருகிறது!

ஆமாம் தம்பி. பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டியிருக்கிறான். ஸ்பேசரைக் கழற்றிவிட்டான். சக்கரம் நாலும் பழையபடி உடம்புக்குள்ளே அடங்கி நிற்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தில் முழுநாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், சொல்லவில்லை; அந்தக் கூட்டத்தில் வண்டியும் என் கண்ணில் படவில்லை. ஏன் சொல்லவில்லை? ஒன்பது மாதமாக ஊரெல்லாம் வண்டிதான் தாழ்வு, வண்டிதான் தாழ்வு என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போது என்னைப் பொய்யனாக்கத்தானே இந்த வேலை?

இருந்தாலும் நான் மரியாதை குறைக்கவில்லை. நடு வீதியில் நின்று இரண்டு கையையும் ஆட்டி, “வாங்க, வாங்க, நேரா வாங்க, கோண வேண்டாம்” என்று கூப்பிட்டேன். வண்டியில் பாரம் அதிகம். மாப்பிள்ளை, பக்கத்தில் அம்மிணி, பின்னால் சம்பந்தியம்மாவும் இரண்டு பெரியம்மாக்களும், மூன்று பேரும் நல்ல கனம். முன் சக்கரம் ஏறியது. இறங்கியது. அப்புறம் டங்கென்று ஒரு சத்தம். வண்டியின் வயிறு என் மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. சக்கரம் சும்மா சுற்றிப் புகை வருகிறது.

உள்ளே அம்மிணி “அம்மா” என்றாள். ஒரே ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் எல்லாம் நாச்சிமுத்து செய்தான். அவனை யார் கூப்பிட்டது? கதவைத் திறந்து அவளை இறக்கி, தன் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, விசிறி, தண்ணீர். என் வாசல் பதினைந்து அடியில் இருக்கிறது, என் மகள் அவன் நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வண்டியைத் தூக்கி நகர்த்த ஆறு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை மேட்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜாண் வைத்துப் பார்த்தான்.

“மாமா, இது ஆடியில இருந்ததைவிட உசரமா இருக்குதுங்க.”

“அது தேய்மானத்துக்குப் பூசினதுங்க மாப்பிள்ளை. வண்டியில பாரம் ஜாஸ்தி.”

அவன் எழுந்து கைத் தூசியைத் தட்டினான். அம்மிணிதான் சொன்னாள். வியர்த்து, முகம் வெளுத்து, நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள்.

“அப்பா, உங்களுக்காகத்தான் அவர் ஒரு வாரமா லீவு போட்டு வண்டியை ஏத்துனார். நீங்க எதை இறக்குனீங்க?”

அது என்ன கேள்வி என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை. நான் எதை இறக்க வேண்டும்? நான் எதையும் ஏற்றவே இல்லையே.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இனிமேல் அதிகம் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இருந்து நேராக அவிநாசிக்கே போய்விட்டார்கள். தெய்வாத்தாள் வந்தாள், இரண்டு சேலையையும் மாத்திரைப் பெட்டியையும் பையில் போட்டாள், போய்விட்டாள். ஆலாத்தித் தண்ணீர் மூன்று நாள் வாசல்படியிலேயே இருந்தது. யார் கொட்டுவது? நான் கொட்டவில்லை.

பேத்தி பிறந்தாள். பஸ் பிடித்துப் போனேன். மாப்பிள்ளை குழந்தையை எடுத்து என் கையில் கொடுத்தான். என் கை சிமெண்டு தின்ற கை, சொரசொரப்பு. துண்டை விரித்து வாங்கிக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. கிளம்பும்போது, “வாங்க மாமா, வண்டியில கொண்டுவந்து விடறேன்” என்றான்.

“பஸ்சு இருக்குதுங்க மாப்பிள்ளை.”

நான் ஏறுவேனா?

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போய்க்கொண்டிருக்கிறேன். குழந்தையைப் பார்க்கத்தான். ஆனால் நேராக உள்ளே போகமாட்டேன். அவன் வீட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி இருக்கிறது, அங்கே ஒரு டீயை வாங்கிக்கொண்டு நின்று வண்டியைப் பார்ப்பேன். நாலு ஞாயிறு ஆகிவிட்டது. இன்னும் உயரமாகத்தான் நிற்கிறது. ஸ்பேசர் போடவில்லை. ஆசைப்பட்டு இறக்கினவன், காரியம் முடிந்த பிறகும் ஏன் இறக்காமல் வைத்திருக்கிறான்? அந்த ஸ்பேசர் தட்டு நாலும் வாசலில் துளசிச் செடித் தொட்டிக்கு அடியில் கிடக்கிறது. பார்த்தேன். அவ்வளவு ஆசையாக வாங்கி மாட்டின சாமான், அதைத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறான். இதில் ஏதோ திட்டம் இருக்கிறது. எனக்குத்தான் பிடிபடவில்லை.

நேற்று தெய்வாத்தாள் போன் பண்ணினாள்.

“வெள்ளிக்கிழமையோட நாப்பது நாள் முடியுதுங்க. குழந்தையைத் தூக்கிக்கிட்டு அங்க வரோணும்னு அம்மிணிக்கு ஆசைதான்.”

“வரட்டும். யாரு வேண்டாம்னாங்க?”

“வண்டி…”

“வண்டிக்கு என்ன?”

“நான் என்னத்தைச் சொல்ல” என்று வைத்துவிட்டாள். உள் அறை அப்படியே இருக்கிறது தம்பி. விட்டத்தில் தொட்டில் கட்ட வளையம்கூட மாட்டிவிட்டேன்.

சரி. கதையைக் கேட்டுவிட்டீர்கள். இப்போது அளந்துகொள்ளுங்கள். வாருங்கள், நான் ஒரு முனையைப் பிடிக்கிறேன். அந்தப் பக்கம் தரையோடு ஒட்டி வையுங்கள். ஆங்.

எவ்வளவு?

நாலா? சரியாகப் பாருங்கள். நாலுதானா? விதிப்படி நாலு இருக்கலாமா, அப்போது ஒன்றும் பிரச்சினை இல்லையா? நான்தான் அப்போதே சொன்னேனே, குற்றம் மேட்டில் இல்லை என்று.

அதுவா? அந்த வெள்ளைத் தூசி… உளி பட்ட தடம் மாதிரியா தெரிகிறது? இல்லை இல்லை. தண்ணி லாரி. ஏறி ஏறித் தேய்த்துவிட்டது. கம்பியும் வெளியே தெரிகிறதா? தெரியும், லாரி அப்படி. கையில் கட்டா? ரோஜாச் செடி முள் கிழித்துவிட்டது. வீட்டில் ரோஜாச் செடி இல்லை என்று பார்க்கிறீர்கள். இருந்தது. நீங்கள் மேட்டை அளக்க வந்தீர்களா, என்னை அளக்க வந்தீர்களா? எழுதிக்கொள்ளுங்கள்: நாலு இஞ்சு. எப்போதும் இதே நாலு இஞ்சுதான் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். யாராவது கேட்டால் காட்ட வேண்டும்.

ஆனால் நாலு என்கிறீர்கள். நான் மூன்றுக்கு வந்திருக்கும் என்று நினைத்தேன். உங்கள் கணக்குக்கு நாலு போதும். இன்றைக்கு அந்த வண்டி நிற்கிற உயரத்துக்கும் போதும். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் அவனுக்குப் பழைய ஆசை வந்து இறக்கிவிட்டால்? அடியில் இடைவெளி மூன்றரைதானே வரும். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இங்கே வந்து நின்றால்? அவனை நம்ப முடியாது தம்பி. எந்த நேரமும் இறக்கிவிடுவான்.

நீங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். வெயில் தாழட்டும். எனக்கு இன்னும் ஒரு இஞ்சு வேலை இருக்கிறது.